கிராம சபையில் கண்டனத் தீர்மானம்: எழுதுவது, நிறைவேற்றுவது, பின்தொடர்வது

கிராம சபையில் ஒருவர் எழுந்து அரை மணி நேரம் பொரிந்து தள்ளுகிறார். ஊர்ப் பொதுவிடமான மந்தையில் உட்கார்ந்திருக்கும் சனம் கைதட்டுகிறது. கூட்டத்தைக் கவனிக்க அரசுத் தரப்பில் வரும் அலுவலரான பற்றாளர் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். ஒரு மாதம் கழித்துத் தீர்மானப் புத்தகத்தின் நகலை வாங்கிப் பார்த்தால், அப்படி ஒருவர் பேசியதற்கான தடயமே அதில் இருக்காது. மதுரை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் உள்ள 420 ஊராட்சிகளில் இது அடிக்கடி நடக்கிறது. புத்தகத்தில் ஏறியதுதான் கண்டனம். ஏறாதது ஆதங்கம். ஆதங்கத்துக்கு எந்த அதிகாரியும் பதில் எழுத வேண்டியதில்லை.

புத்தகத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு மேலூர்ப் பக்கமே சாட்சி. 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலத்தில் போனதாக அறிவிப்பு வந்தது. தொகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர். அதற்குள், 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட 193.215 ஹெக்டேர் அரிட்டாபட்டிப் பகுதியும் வந்தது. உள்ளாட்சி தினக் கிராம சபை அந்த ஆண்டு நவம்பர் 23-க்குத் தள்ளிப்போயிருந்தது. அன்று அந்த வட்டாரத்து ஊராட்சிகள் வரிசையாக எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை மக்கள் நடந்தார்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. தீர்மானம் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்வது தவறு. ஆனால் நடையும் கடையடைப்பும் தொடங்கும் முன்பே ஊர் என்ன நினைக்கிறது என்பது தேதியோடும் கையெழுத்தோடும் அரசு ஆவணத்தில் இருந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு பேச்சுவார்த்தையும் அதன்மேல்தான் நின்றது.

கண்டனம் என்றால் எந்தக் கண்டனம்?

ஒரே சொல்லை நாலு இடத்தில் நாலு பொருளில் புழங்குகிறோம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

நாடாளுமன்றத்தில் கண்டனத் தீர்மானம் ஓர் அமைச்சர் மீதும் வரலாம், அமைச்சரவை முழுவதின் மீதும் வரலாம். ஆனால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அது அமைச்சரவை முழுவதின் மீது மட்டுமே வரும். மக்களவையில் அதை எடுத்துக்கொள்ள 50 உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும், அது நிறைவேறினால் அரசு விலகும். அலுவலகத்தில் கண்டனம் என்பது தண்டனைகளில் ஒன்று. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் இருக்கும் தண்டனைப் பட்டியலில் முதலாவதும் மிக இலேசானதும் அதுதான். சிறு தண்டனைகளுக்கான 17(ஏ) விதிப்படி மெமோ கொடுத்து, விளக்கம் வாங்கி, பிறகு வழங்குவார்கள். பணிப் பதிவேட்டில் ஏறும்.

கிராம சபையின் கண்டனம் இவை இரண்டும் இல்லை. அது யாருடைய பதவியையும் பறிக்காது, யாருக்கும் தண்டனை தராது. ஊராட்சித் தலைவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம் என்று ஊர்களில் பேச்சு அடிபடும். அப்படி ஒரு வழி சட்டத்தில் இல்லை. தலைவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரை நீக்க 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவுதான் வழி, அதன் பாதை வேறு. அதைப் பின்னால் பார்க்கலாம். கிராம சபைக் கண்டனம் செய்யக்கூடியது இதுதான்: இன்ன செயல் இன்ன தேதியில் நடந்தது, அது இன்ன கடமைக்கு மாறானது, ஊர் அதை ஏற்கவில்லை, இன்ன தேதிக்குள் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள் கூடிப் பதிவு செய்வது. தணிக்கைக்கு வருபவரும், ஆட்சியரும், நீதிமன்றமும் பிறகு எடுத்துப் பார்க்கக்கூடிய பதிவு.

முகவரியைச் சரியாகப் பிடியுங்கள்

பாதித் தீர்மானங்கள் தோற்பது தவறான ஆளைக் கண்டிப்பதால். கண்மாய் மடை உடைந்தால் ஊராட்சித் தலைவரைத் திட்டுகிறோம். 40 ஹெக்டேருக்கு உட்பட்ட ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. ரேஷன் கடையில் எடை குறைந்தால் வட்ட வழங்கல் அலுவலர். ஊருக்குள் போகும் சாலை ஊராட்சியுடையதா, ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதை எழுதுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவிளக்கும் உள்ளூர்க் குடிநீரும் ஊராட்சியின் வேலை. ஆற்றிலிருந்து வரும் கூட்டுக் குடிநீர் வராமல் போனால் அது குடிநீர் வடிகால் வாரியத்திடம் போக வேண்டும். ‘சம்பந்தப்பட்ட அதிகாரிகளை வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று எழுதினால், அந்தத் தாளைப் பெறுகிற எல்லோரும் அது தனக்கு இல்லை என்று ஒதுக்கிவைப்பார்கள்.

முகவரியோடு பார்க்க வேண்டிய இன்னொன்று காலம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அதன்பின் ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்பின்கீழ் வந்தன. தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு, ஏனென்றால் அதன் உறுப்பினர்கள் வாக்காளர்கள். முன்னாள் தலைவர் காலத்தில் நடந்த வேலையைப் பற்றித் தனி அலுவலர் காலத்தில் தீர்மானம் போடலாம். ஆனால் பதில் சொல்ல வேண்டியவராகப் பதவியில் இருப்பவரை எழுத வேண்டும்.

காகிதம் முதலில், பேச்சு பிறகு

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நீங்கள் குறிவைக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் தர 30 நாள் அவகாசம். தபால் போக்குவரத்துக்கு ஒரு வாரம், வந்ததைப் படித்துக் களத்தில் சரிபார்க்க ஒரு வாரம். ஆகஸ்ட் 15-க்கு வேண்டுமென்றால் ஜூன் கடைசியிலேயே மனு போயிருக்க வேண்டும். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையை ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் அவரே அங்கு மாற்றி அனுப்ப வேண்டும். ஆகவே யாருக்கு எழுதுவது என்று யோசித்து நாளைக் கடத்த வேண்டாம்.

ஏதாவது ஒரு வேலையைப் பற்றிய புகார் என்றால் நாலு காகிதங்களைக் கேளுங்கள்: மதிப்பீடு, பணி உத்தரவு, எம் புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்கள், பணி முடிப்புச் சான்று. ‘ஏன் சாலை மோசமாக இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டம் ஆவணத்தைத்தான் தரும், விளக்கம் தராது. ‘ஏன்’ என்று தொடங்கும் மனுக்கள் அப்படியே திரும்பிவருவதற்கு இதுதான் காரணம். ஊராட்சியின் பொதுச் செலவைப் பற்றிய சந்தேகமென்றால் கிராம சபையில் வைக்க வேண்டிய படிவம் 30 இருக்கிறது. அதை முன்கூட்டியே கேட்டுப் படியுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. தெற்குத் தெருவில் சிமெண்ட் சாலை போட்டார்கள். எம் புக்கில் நீளம் 100 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர். கணக்குப்படி 45 கன மீட்டர் கான்கிரீட். நீங்கள் 30 மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு, தெருக்காரர்கள் நாலைந்து பேரை வைத்து அளக்கிறீர்கள். நீளம் 82 மீட்டர். அகலத்தை மூன்று இடங்களில் அளந்தால் சராசரி 2.6 மீட்டர். கனம் எழுதியபடியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 32 கன மீட்டர்தான் வருகிறது. 13 கன மீட்டர் குறைகிறது. இந்த ஒரு எண் போதும். டேப் தெரியும்படி படம் எடுங்கள், அளந்தவர்களின் கையெழுத்தையும் தேதியையும் ஒரு தாளில் வாங்குங்கள். சாலையைக் கடப்பாரையால் குத்திக் கனம் பார்க்க வேண்டாம். பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாக உங்கள் மீதே புகார் வரும். ஓரத்தில் தெரியும் கனத்தை அளந்து குறித்துக்கொண்டு, துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதிக்கும்படி தீர்மானத்திலேயே கேளுங்கள்.

வாசகம்

இங்கே கூடுதல் நேரம் செலவழிப்பது தகும். ‘ஊராட்சிப் பணத்தைக் கொள்ளையடித்த ஒப்பந்ததாரரையும் அவருக்குத் துணைபோன அதிகாரியையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்பது வாயில் நன்றாக இருக்கும், தாளில் நிற்காது. கொள்ளை என்பதை நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். ‘எம் புக்கில் 100 மீட்டர் என்று பதிந்திருக்கிறது, தரையில் 82 மீட்டர் இருக்கிறது’ என்றால் நிரூபிக்கும் வேலை பதிந்தவருடையது. செயலைச் சொல்லுங்கள், அடைமொழியை விடுங்கள். ஆளின் சாதி, குடும்பம், முன்கதை எதுவும் வரக் கூடாது. கட்சிப் பெயர் வந்தால் கூட்டம் இரண்டாகப் பிளந்து, சாலையைப் பற்றிய பேச்சே நின்றுபோகும்.

பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆவது பிரிவு அவதூறைப் பற்றியது. இரண்டு ஆண்டு வரை சிறை வரலாம். பொது நன்மைக்காகச் சொல்லப்படும் உண்மையும், பொது ஊழியர் தம் கடமையைச் செய்யும் விதத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்தும், உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு தரும் புகாரும் அதில் விதிவிலக்குகள். உங்கள் வாசகம் அந்த விதிவிலக்குகளுக்குள் நிற்கிறதா என்று வரிக்கு வரி பாருங்கள்.

ஒரு தீர்மானத்தில் ஒரு விஷயம் மட்டும். சாலை, குடிநீர், ரேஷன் மூன்றையும் சேர்த்துக் கட்டினால் மூன்று துறைகளும் மற்ற இரண்டைக் காட்டிக் கைகழுவும். ‘உடனடியாக’ என்ற சொல்லை எழுதாதீர்கள். அதற்கு அரசு அலுவலகத்தில் எல்லை கிடையாது. தேதி போடுங்கள். மாதிரி இப்படி:

“பொருள்: தெற்குத் தெரு சிமெண்ட் சாலைப் பணியின் அளவு வேறுபாடு குறித்துக் கண்டனம் தெரிவித்தல்.

மேற்படி பணிக்கு அளவுப் புத்தகத்தில் 100 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் பதியப்பட்டுள்ளன. …… தேதியில் பொதுமக்கள் முன்னிலையில் அளந்தபோது நீளம் 82 மீட்டரும் சராசரி அகலம் 2.6 மீட்டரும் மட்டுமே உள்ளன. அளவுத் தாளும் புகைப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. களத்தில் சரிபார்க்காமல் அளவைப் பதிந்து பணி முடிப்புச் சான்று வழங்கப்பட்டதற்கு இக்கிராம சபை தன் கண்டனத்தைப் பதிவு செய்கிறது. ஒன்றியப் பொறியாளர் …… தேதிக்குள் பொதுமக்கள் முன்னிலையில் மறு அளவு எடுக்கவும், கனத்துக்கு மாதிரி எடுத்துச் சோதிக்கவும், குறைந்த பணிக்கான தொகையை வசூலிக்கவும், எடுத்த நடவடிக்கையை அடுத்த கிராம சபையில் எழுத்தில் தெரிவிக்கவும் தீர்மானிக்கப்பட்டது.

முன்மொழிந்தவர்: …… வழிமொழிந்தவர்: …… ஆதரவு: …… எதிர்ப்பு: ……”

முன்மொழிபவர் அந்தத் தெருவில் குடியிருப்பவராக இருக்கட்டும். வழிமொழிபவர் வேறு தெருக்காரராக இருக்க வேண்டும், முடிந்தால் வேறு சமூகத்தவராகவும். ஒரே தெரு ஒரே சமூகம் என்று வந்தால், இது ஊரின் கண்டனம் இல்லை, ஒரு பிரிவின் பகை என்று சொல்லிவிடுவார்கள். அந்த வாய்ப்பை நாமே கொடுக்க வேண்டாம்.

கூட்டத்துக்கு முன்

கிராம சபை அறிவிப்பு ஏழு நாளுக்கு முன் வர வேண்டும். அதற்குள் உங்கள் தீர்மானத்தை எழுத்தில் தலைவரிடம் அல்லது தனி அலுவலரிடம் கொடுத்துப் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்புகை தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். ஒரு பிரதியை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு பட்டுவாடாச் சான்று கேட்டு விரைவுத் தபாலில் அனுப்பினால் போதும். கூட்டத்தன்று ‘அஜெண்டாவில் இல்லை’ என்று சொன்னால் காட்ட அந்த ரசீது உதவும்.

அடுத்தது கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். மக்கள்தொகை என்பது உங்கள் ஊராட்சியில் தாய்க்கிராமம், குட்டிக்கிராமம் எல்லாம் சேர்த்த எண்ணிக்கை. வேண்டாத தீர்மானத்தைத் தவிர்க்க எளிய வழி கோரம் இல்லை என்று எழுதுவதுதான். ஆகவே வீடு வீடாகப் போங்கள். நடவு, அறுப்பு நாளில் கூட்டம் விழுந்தால் இன்னும் அதிகமாக அலைய வேண்டியிருக்கும். மகளிர் குழுக்களிடம் முதலில் சொல்லுங்கள். குடிநீரும் ரேஷனும் யாரை அதிகம் பாதிக்கின்றனவோ அவர்கள்தான் கடைசி வரை உட்கார்ந்திருப்பார்கள்.

மதச் சார்புள்ள வளாகத்தில் கிராம சபை நடத்தக் கூடாது என்பது அரசின் நிலையான அறிவுறுத்தல். கோயில் மண்டபத்தில் கூட்டம் என்று அறிவித்தால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். அங்கே வரத் தயங்குகிற மக்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் போடும் தீர்மானம் ஊரின் தீர்மானம் ஆகாது.

கூட்டத்தில்

முதலில் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். தேதியும் கூட்டத்தின் பெயரும் எழுதாத வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், போடவும் விடாதீர்கள். கையெழுத்தை முன்னால் வாங்கிக்கொண்டு தீர்மானங்களைப் பின்னால் எழுதி நிரப்பும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. கூட்டம் முடிந்தபின் செய்யும் எந்தச் சண்டையும் அந்தக் கையெழுத்தின் முன் எடுபடாது.

உங்கள் முறை வரும்போது மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். எழுதியதைப் படியுங்கள், எண்களைச் சொல்லுங்கள், அளவுத் தாளைக் காட்டுங்கள். பிறகு, கண்டிக்கப்படுபவர் அங்கே இருந்தால் அவருக்குப் பதில் சொல்ல நேரம் கொடுங்கள். இதை மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. எதிர்த்தரப்பைக் கேட்காமல் எடுத்த முடிவு என்ற ஒரு வாதத்தை மேலே எங்கும் வைக்க முடியாமல் போகும். அவர் சொன்ன விளக்கத்தையும் ஒரு வரியில் தீர்மானத்தோடு பதியச் சொல்லுங்கள். சில சமயம் அந்த விளக்கம் சரியாகவே இருக்கும். மீதி 18 மீட்டர் குறுக்குத் தெருவில் போடப்பட்டிருக்கலாம். அப்படியானால் கூட்டத்திலேயே போய் அளந்து பார்த்துவிட்டுத் தீர்மானத்தைத் திருத்துங்கள், அல்லது விட்டுவிடுங்கள். தவறான கண்டனம் ஒன்று புத்தகத்தில் ஏறினால், அடுத்த சரியான கண்டனத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

கை உயர்த்திய எண்ணிக்கையை எண்ணச் சொல்லுங்கள். ‘ஏகமனதாக’ என்பது யாரும் எதிர்க்காதபோது மட்டும். நாலு பேர் எதிர்த்தால் நாலு என்று எழுதட்டும்.

பிறகு வரும் தருணத்தில்தான் எல்லாம் நழுவும். ஊராட்சிச் செயலர் ‘சரி, எழுதிக்கிறேன்’ என்பார். ‘கண்டனம்னு போட வேண்டாம், கோரிக்கைன்னு போட்டுக்கலாம்’ என்று பற்றாளர் இறங்கிப் பேசுவார். கனிவோடுதான் சொல்வார். கோரிக்கை என்றால் தவறு நடந்தது என்ற பதிவு போய்விடும், புதிதாக ஒரு வேலை கேட்டதாக மட்டும் மிஞ்சும். சொல்லை மாற்றச் சம்மதிக்காதீர்கள். எழுதி முடித்ததும் மைக்கில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகு எழுந்திருங்கள்.

சத்தம் கூடினால் நஷ்டம் உங்களுக்குத்தான். நாற்காலி பறந்தால் ‘கூச்சல் குழப்பத்தால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் எல்லாம் முடிந்துவிடும். அதற்காகவே சிலரைத் தயார் செய்து கூட்டிவருவதும் உண்டு. அப்படி யாராவது கத்தத் தொடங்கினால், உங்கள் பக்கத்தவர்கள் உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

யாரைக் கண்டிக்கிறோம், எதற்காக

மதுரை மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் கண்டனத்தைப் பற்றி எழுத முடியாது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்தாண்டுகள் முறையாகத் தேர்தல் நடக்கவிடவில்லை. 2006-இல்தான் நடந்தது. மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலைவர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதையே குற்றமாகப் பார்த்த மண் இது.

ஆகவே ஒதுக்கீட்டில் வந்த தலைவர் மீதோ பெண் தலைவர் மீதோ கண்டனம் எழுதப்படும்போது ஒரு சோதனை செய்யுங்கள். இதே செயலை இதற்கு முன்னிருந்தவர் செய்தபோது ஊர் என்ன செய்தது? அப்போது வாய்மூடியிருந்துவிட்டு இப்போது தீர்மானம் எழுதினால், எழுதச் சொல்வது சாலை இல்லை, வேறு ஏதோ. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘தலைவர் கூட்டத்தில் மரியாதை தரவில்லை’, ‘பெரியவர்களைக் கலக்கவில்லை’ போன்ற குற்றச்சாட்டுகளுக்கு அளவும் இல்லை, ஆவணமும் இல்லை. அவை தீர்மானத்தில் இடம்பெறக் கூடாது.

ஊர்க் கட்டுப்பாடும் கண்டனம் இல்லை. ஒருவரைத் தள்ளிவைப்பது, கடையில் பொருள் கொடுக்காதே என்பது, நல்லது கெட்டதுக்குப் போகாதே என்பது, அபராதம் கட்டி மந்தையில் விழுந்து கும்பிடச் சொல்வது ஆகியவற்றுக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சமூக அளவிலோ பொருளாதார அளவிலோ புறக்கணிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம். கண்டனம் ஒரு செயலின் மீது விழ வேண்டும், ஆளின் சோற்றின் மீதும் தண்ணீரின் மீதும் இல்லை. சாவடியில் அம்பலமோ நாட்டாமையோ சொன்ன முடிவைக் கிராம சபைப் புத்தகத்தில் ஏற்றச் சொன்னால், எழுந்து நின்று எதிர்ப்பைப் பதியுங்கள்.

பிறகு

கூட்டம் முடிந்த வாரமே தீர்மான நகல் கேட்டு மனு கொடுங்கள். தராவிட்டால் தகவல் சட்டம், பக்கத்துக்கு 2 ரூபாய். புத்தகத்தை நேரில் பார்வையிடவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நகலும் கைபேசிப் படமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் அதுவே தனிப் புகார்.

நகல் கையில் வந்ததும், தீர்மானத்தில் பெயர் சொன்ன அலுவலருக்கு ஒன்று, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒன்று, ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று. ஆட்சியருடையதைத் திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்துப் பதிவெண் வாங்குங்கள். சட்டத்துக்கு மாறான ஊராட்சித் தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் 202-ஆவது பிரிவில் ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. அடைமொழியும் ஆள்வசையும் இல்லாமல் எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்டனம் தலைவர் மீதானது, அவரும் மாறவில்லை, குற்றம் பெரியது என்றால்தான் 205-ஆவது பிரிவு. ஆட்சியர் தாமாகவே நடவடிக்கை தொடங்கலாம். அல்லது ஊராட்சி மன்றத்தின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றச்சாட்டுகளோடு கையெழுத்திட்டு, அவர்களில் இருவர் நேரில் ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். ஒன்பது பேர் மன்றமென்றால் ஆறு பேர், பன்னிரண்டு என்றால் எட்டுப் பேர். காலியாக உள்ள இடங்களைக் கழித்துக் கணக்குப் போடுவது இதில் வழக்கமாக நடக்கும் பிழை. ஆட்சியர் தலைவரிடம் விளக்கம் கேட்பார். விளக்கம் போதாதென்றால் வட்டாட்சியர் மன்றத்தைக் கூட்டிக் கருத்தைப் பதிவார், முடிவு ஆட்சியருடையது. இந்த ஏற்பாட்டில் கிராம சபைக்கு ஓட்டு இல்லை. ஆனால் கிராம சபை முன்பே போட்ட கண்டனத் தீர்மானம் அந்தக் கோப்பில் இருந்தால் அதன் கனம் வேறு.

பதிலே வராவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், மனுவைக் குறிப்பிட்ட நாளுக்குள் பரிசீலிக்க உத்தரவிடக் கேட்கலாம். தீர்மான நகல், ஒப்புகை, பதிவெண் மூன்றும் இருந்தால் வழக்கறிஞரின் வேலை பாதி முடிந்தது.

தெருவுக்கு வருவதென்றால் மாநகர எல்லைக்குள் காவல் ஆணையர், வெளியே உங்கள் காவல் நிலையம் வழியாக டி.எஸ்.பி. மாநகரில் ஐந்து நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். இடம், நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா, பொறுப்பாளர் யார் என்பதை எழுதுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், அதைத்தான் நீதிமன்றத்தில் காட்ட முடியும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டருக்குள் ஒலிபெருக்கி வேண்டாம். கொடும்பாவி எரிப்பதைத் தவிருங்கள். படம் நன்றாக வரும், ஆனால் வழக்கும் சேர்ந்து வரும். பிறகு சாலையைப் பற்றிப் பேச வேண்டிய நேரமெல்லாம் ஜாமீனைப் பற்றிப் பேசிக் கழியும்.

அடுத்த கிராம சபையில் முதல் வேலையாக, முந்தைய தீர்மானத்தின் எண்ணைச் சொல்லி நடவடிக்கை அறிக்கை கேளுங்கள். பதில் இல்லையென்றால் ‘பதில் வரவில்லை’ என்பதையே ஒரு தீர்மானமாகப் பதியுங்கள். வேலை சரியாகிவிட்டால் அதையும் பதிய வேண்டும். மறு அளவு எடுத்த தேதி, போட்டுக் கொடுத்த நீளம், வசூலித்த தொகை, உடனிருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் எழுதி, ‘இன்ன எண் கண்டனத் தீர்மானத்தின் பேரில் குறை நீக்கப்பட்டது, மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று முடியுங்கள். அந்தப் பக்கத்தின் நகலையும் வாங்கி, அளவுத் தாளோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள்.